3டி ஸ்கல்ப்டிங் ஆன்லைன் கோர்ஸ்: 18,500 ரூபாய் போச்சு, உஷாரா இருங்க

கோவத்துலதான் எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. எந்த இன்ஸ்டிட்யூட்னு பேர் போடல. "லைவ் கிளாஸ், தனிக்கவனம், இசட்பிரஷ் அடி முதல் நுனி வரை"ன்னு விளம்பரம் போடற ரகம். இசட்பிரஷ்னா கம்ப்யூட்டர்லயே 3டி சிலை செதுக்கற சாஃப்ட்வேர்.

இலவச டெமோவைப் பார்த்தா யாரா இருந்தாலும் பணத்தைக் கட்டிருப்பாங்க. ஸ்க்ரீன்ல நேரா நீட்டின ஒரு 3டி கை. சொல்லிக் குடுக்கற சார் தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் மாஸ்க் போட்டார், அதாவது அந்தப் பகுதி அசையாம பூட்டினார். ஆல்ட்டை அழுத்திக்கிட்டே கிஸ்மோவை (உருவத்தை நகர்த்த, சுத்த, அளவு மாத்தப் பிடிக்கற கைப்பிடி) நகர்த்தி, சரியா மூட்டுல வெச்சார். அதோட ஒரு வளையத்தைப் பிடிச்சுச் சுத்தினார், கை அழகா மடங்கிருச்சு. "எந்த டவுட்டா இருந்தாலும் லைவ்லயே தீர்த்துருவேன் தம்பி"ன்னார். அன்னிக்கு ராத்திரியே யூபிஐல 18,500 அனுப்பிட்டேன்.

வந்தது பூரா பழைய ரெக்கார்டிங். கிஸ்மோ 2017ல, இசட்பிரஷ் 4ஆர்8 பதிப்போட வந்தது. இவங்க வீடியோல அது கிடையவே கிடையாது, அதே வேலைக்கு முன்னாடி இருந்த, வட்டம் கோத்த டிரான்ஸ்போஸ் கோடு மட்டும்தான். அந்தக் கோட்டை நான் குறை சொல்லல. இப்பவும் கீபோர்டுல ஒய் தட்டினா வரும், அளவெடுக்க நல்லா உதவும். ஆனா டெமோல ஒண்ணைக் காட்டிட்டு, காசு வாங்கினப்புறம் வேற ஒண்ணைக் குடுக்கறதுக்குப் பேரு என்ன?

நான் செஞ்சுக்கிட்டிருந்தது ஒரு முருகன். கண்ணு, கிரீடம், வேல் எல்லாம் தனித்தனி சப்டூல், அதாவது ஒரே உருவத்துக்குள்ள தனித்தனி துண்டு. தலையைத் திருப்பினா தலை மட்டும் திரும்புது, கண்ணு ரெண்டும் பழைய இடத்துலயே அந்தரத்துல நிக்குது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டேன். சார் ஒரு கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான் பதில்.

திரும்பக் கேட்டேன். "பேசிக் முடிங்க, அட்வான்ஸ்ல வரும்." அப்புறம், "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடல. கிஸ்மோ மேல வரிசையா இருக்கற ஐகான்ல, தேர்ந்தெடுத்த சப்டூல் எல்லாத்தையும் சேர்த்து நகர்த்தறதுக்குன்னே ஒண்ணு இருக்கு. அதை யூட்யூப்ல யாரோ ஒரு புண்ணியவான் இலவசமா சொல்லிக் குடுத்தார். எனக்கு ஆன செலவு 18,500!

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிருச்சு. "லாகின் குடுத்தாச்சு, ரீஃபண்ட் கிடையாது"ன்னு ஒரு பொண்ணு மனப்பாடமா ஒப்பிச்சாங்க. சாரைப் பேசச் சொன்னேன், "சார் லைவ் கிளாஸ்ல இருக்கார்"னாங்க. எந்த லைவ் கிளாஸ்? மறுநாள் குரூப்லேர்ந்தே என்னைத் தூக்கிட்டாங்க. 18,500 ரூபாய்ங்க, அப்பா கிட்ட வாங்கின காசு.

சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. சுருக்கமா: டெமோ வேண்டாம், நடந்துக்கிட்டிருக்கற பேட்ச்ல ஒரு கிளாஸ் உட்கார விடச் சொல்லுங்க. எந்த வெர்ஷன்ல சொல்லித் தர்றாங்கன்னு எழுத்துல வாங்குங்க. முழுசா மொத்தமாக் கட்டாதீங்க. பழகிப் பார்க்கணும்னா பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர் இலவசம், கீபோர்டுல ஜி நகர்த்த, ஆர் சுத்த, எஸ் அளவு மாத்த. ஏமாந்தவங்க யாராவது இருந்தா சாட் மெசேஜை அழிக்காதீங்க, நுகர்வோர் உதவி எண் 1915.