தடைக்காலத்தில் எடுத்த உள்நாட்டுக் கார், திறந்த சந்தையில்: வன்னியிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் புதிதாக எடுத்த கார் இது. வடிவமைப்பு வெளிநாடு, பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்டவை, டயரும் பட்டரியும் இருக்கைகளும் உள்நாட்டு உற்பத்தி. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதிக்கு மேல் எந்த உள்நாட்டுப் பொருத்துநருக்கும் பொருந்தும். மீதியை வைத்து ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமில்லை.

வீடு கிளிநொச்சியில். வேலை விவசாயப் போதனாசிரியர். ஏ35 வீதியால் தருமபுரம், விசுவமடு பக்கம் போவேன். மற்ற நாட்களில் அக்கராயன், ஸ்கந்தபுரம். தார் வீதியை விட்டு இறங்கினால் கிரவல் (சரளை மண் பாதை), கிரவலை விட்டு இறங்கினால் வாய்க்கால் கட்டு. நகரத்தில் கார் ஓடுபவர்களின் மதிப்பீடுகளில் இந்த இரண்டாவது பகுதி எப்போதும் விடுபட்டுப் போகிறது.

இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதுவரை என்னை வழியில் நிறுத்தியதில்லை. குளிரூட்டி போட்டபடி தார் வீதியில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் வரை ஓடுகிறது. கிரவலில் அது 10க்குக் கீழே இறங்கும். சிறுபோக காலத்துச் சோளக வெயிலில் ஒரு மணி நேரம் வயலோரம் நின்ற வண்டிக்குள் ஏறினாலும் ஐந்து நிமிடத்தில் உள்ளே இருக்க முடிகிறது. பின்னிருக்கையை மடித்தால் விதைநெல் மூட்டைகளை அடுக்கலாம். விளக்கு வெளிச்சம் நன்று. மாரி காலத்தில் இரவு ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும் ஊரில் அது சின்ன விடயமல்ல.

தரை இடைவெளிதான் போதாது. உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மண் உயர்ந்து நிற்கும் பாதைகளில் அடிப்பாகம் உரசாமல் போக முடியாது. இயந்திரத்துக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் காப்பு முதல் மாரியிலேயே கழன்று விழுந்தது. பரந்தனில் வெல்டிங் வேலை செய்யும் ஒரு தம்பி தகரத் தகடு வெட்டிப் பூட்டித் தந்தார். கம்பனி தந்ததைவிட அது உறுதியாக இருக்கிறது. கதவு இறப்பர்கள் தளர்ந்து செம்மண் தூசி உள்ளே வருகிறது. எலி வயரைக் கடித்த கதையும் உண்டு. ஆனால் வயலோரத்தில் நிற்கும் எந்தக் காருக்கும் அது நடக்கும், இதன் கணக்கில் அதை எழுதமாட்டேன்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். முன் சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கரத்தின் புஷ் ஒன்று தேய்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது காலடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பெரிய பழுது அல்ல, இறப்பரும் இரும்பு வளையமும் சேர்ந்த, உள்ளங்கையில் அடங்கும் துண்டு. முகவரிடம் கேட்டால் அதைத் தனியாகத் தருவதில்லை, முழுக் கரத்தையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த முழுக் கரமும் கையிருப்பில் இல்லை, ‘ஓடரில்’ இருக்கிறதாம். மாதம் ஒன்று கடந்தது, பிறகும் ஓடரில்தான் இருந்தது.

வவுனியாவில் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கழற்றிய துண்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினேன். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “இது எந்த வாகனத்துக்கு அண்ணை?” பெயரைச் சொன்னதும் கடதாசியை மடித்துத் திருப்பித் தந்துவிடுவார். மூன்றாவது கடையில் ஒரு வயதானவர் மட்டும் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “பெயரை விடுங்கள் தம்பி, அளவைச் சொல்லுங்கள்” என்றார். வேர்னியர் அளவுகோலால் வெளிவிட்டத்தை அளந்தார். உள்ளே போய், பழைய ஜப்பான் சிறிய கார் ஒன்றுக்கான புஷ் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். விட்டம் அச்சொட்டாகச் சரி, நீளம் கொஞ்சம் கூட. கிளிநொச்சியில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர் ஓரத்தைச் சீவித் தந்தார், கராஜ்காரர் இறுக்கிப் பூட்டினார். அந்த ‘டக்’ சத்தம் பிறகு கேட்கவில்லை.

மலிவாக முடிந்ததென்று மகிழ்ந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் காரை உற்பத்தி செய்தவர்களுக்குத் தெரியாத ஒரு விடயம் வவுனியாவில் ஒரு முதியவரின் கைக்குத் தெரிந்திருக்கிறது. உள்நாட்டு வாகனத் தொழில் நிலைக்குமா என்ற கேள்விக்கு ஆலையில் விடை தேடுகிறார்கள். எனக்கு அது உதிரிப்பாகக் கடையின் தட்டில் இருப்பதாகத் தெரிகிறது.

இந்த நாட்டில் கார் பொருத்தும் ஆசை புதிதல்ல. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது தொழிலதிபர் உபாலி விஜேவர்தன மஸ்டா, ஃபியட் கார்களை இங்கே பொருத்தி விற்றார். 1977க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட, ஜப்பான் வாகனங்கள் வெள்ளமாக வந்தன. உள்ளூரில் பொருத்திய கார்கள் மெல்ல மெல்ல வீதியிலிருந்து மறைந்தன. அவரும் 1983 பெப்ரவரியில் மலாக்கா நீரிணைக்கு மேலே விமானத்தோடு காணாமற்போனார். அதன் பிறகு லோரன்ஸ் பெரேராவின் மைக்ரோ நிறுவனம் வந்தது. சொந்த வடிவமைப்பில் ஒரு சிறிய காரையும், பின்னர் சீனாவின் ஜீலி, கொரியாவின் சாங்யோங் மாதிரிகளையும் தன் பெயரில் விற்றது. சாங்யோங் 2020 இறுதியில் கடனில் மூழ்கி நீதிமன்றம் போய், 2022 இல் கைமாறி, அடுத்த ஆண்டு கேஜி மொபிலிட்டி என்று பெயரும் மாறிவிட்டது. சியோலில் கடன்காரர் கதவைத் தட்டினால் கிளிநொச்சியில் ஒருவர் தன் வண்டியின் பாகம் இனிக் கிடைக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பொருத்துநர்களின் பலவீனம் இதுதான்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் அந்தத் தடை ஆண்டுக்கணக்கில் நீண்டது. மாடு ஏறாத வேலிக்குள் முளைத்த பயிராக உள்நாட்டுப் பொருத்தல் அந்த இடைவெளியில் வளர்ந்தது. பழைய வாகனங்களின் விலை புதியதைத் தாண்டிய அந்த நாட்களில், காரின் தரத்தைவிட ‘கிடைக்கிறதா’ என்பதுதான் கேள்வி. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவு திறந்தது. அப்போது விதித்த கலால், 18 சதவீத வற் வரி, சுங்கத் தீர்வையின் மேல் மேலதிக வரி எல்லாம் சேர்ந்து விலை இன்னும் எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. இருந்தாலும் வேலி போய்விட்டது. இப்போது வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

வன்னியில் அந்த ஒப்பீடு எப்படி மாறியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. அந்தத் தலைமுறைக்கு நல்ல வண்டி என்றால் எதையும் குடித்து ஓடும், எவரும் திருத்தக்கூடிய வண்டி. போருக்குப் பின் ஏ9 வழியாக லீசிங் நிறுவனங்கள் வந்தன. மாதக் கட்டணம் எவ்வளவு என்பதே கேள்வியானது. 2022 எரிபொருள் வரிசையும் பங்கீட்டுக் கியூஆர் அட்டையும் அதையும் மாற்றின. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அன்று எரிபொருள் நிலையத்தில் நின்றவர்கள் இன்று முதலில் கேட்பது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது. அதற்கு அடுத்தது, விற்கப்போனால் என்ன விலை போகும். எனது காரைத் தரகர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இதே வயதுள்ள ஜப்பான் சிறிய காரைவிடப் பல லட்சம் குறைத்துத்தான் சொன்னார். காரணம் கேட்டேன். “ஓடுவதில் பிழையில்லை ஐயா, சாமான் எங்கே எடுப்பது என்று வாங்குபவர் கேட்பார்” என்றார்.

இதற்கு எதிர்மாறான வண்டியும் எங்கள் தெருக்களிலேயே ஓடுகிறது. டாடா ஏஸ் சிறிய லொறியை இங்கே யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை, பட்டா என்பார்கள். அழகில்லை, வேகமில்லை, குளிரூட்டியைப் பற்றிப் பேச்சேயில்லை. ஆனால் புதுக்குடியிருப்பில் பழுதானால் புதுக்குடியிருப்பிலேயே திருத்தலாம். மீன் பெட்டியும் மரக்கறியும் கோழித் தீனியும் ஏற்றுபவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மலேசியாவின் இரண்டு உள்நாட்டு நிறுவனங்களும் இந்த இடத்தில் பார்க்கத்தக்கவை. 1983 இல் தொடங்கிய புரோட்டனை அரசு வரிச்சுவர் எழுப்பிப் பல ஆண்டுகள் காத்தது. 2017 இல் அதன் 49.9 சதவீதப் பங்கு ஜீலியிடம் போனது. 1993 இல் வந்த பெரோடுவா டைஹாட்சுவின் தொழில்நுட்பத்தோடு சிறிய, சிக்கனமான கார்களிலேயே நின்றது. அதன் விவா கார்கள் உற்பத்தி நின்று ஆண்டுகள் கடந்தும் கிளிநொச்சியில் ஓடுகின்றன, தரகர்களும் முகம் சுளிப்பதில்லை. இரண்டும் ஒரே நாட்டுக் கொடியோடுதான் வந்தவை. வாங்கியவரின் சட்டைப்பையை அறிந்தது எது என்பதில்தான் வித்தியாசம்.

மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்கும். 2024 இல் சீனாவின் பிவைடி கொழும்புக்கு வந்த பின் ஏ9 வீதியிலும் அவை கண்ணில் படத் தொடங்கிவிட்டன. என் அன்றாட ஓட்டத்துக்கு மின்சாரக் கார் தாராளமாகப் போதும். கூரையில் சூரியத் தகடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னும் வசதி. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்போதுதான் வழியில் எங்கே ஏற்றுவது என்று யோசிக்க வேண்டும். எண்ணெய் மாற்றும் வேலையில்லை, பெல்ட் இல்லை, தேயும் பாகங்கள் குறைவு. ஆனால் வவுனியா முதியவரின் வேர்னியர் இங்கே உதவாது. பட்டரித் தொகுதியிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ பழுது வந்தால் பார்க்கக்கூடியவர் விற்றவர் மட்டுமே. அந்த வேலையை மாகாணத்தில் ஓர் இடத்திலாவது செய்து காட்டும் உள்நாட்டு நிறுவனத்துக்கு வாய்ப்பு இருக்கிறது. இலங்கையில் வேகா என்ற மின்சார அதிவேகக் காரையும் உருவாக்கினார்கள். திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விசுவமடுக் கிரவலில் தேவைப்படுவது 500 கிலோ ஏற்றக்கூடிய மின்சாரப் பட்டா. அதை யாராவது இங்கே பொருத்தினால் வரிசையில் நிற்க ஆட்கள் இருக்கிறார்கள்.

என் காரை இப்போதைக்கு விற்கமாட்டேன். தரகர் சொன்ன விலைக்கு விற்பதைவிட ஓடித் தீர்ப்பது இலாபம். இதே போன்ற ஒன்றைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள், கார் பார்க்கப் போவதற்கு முன் கீழ்க் கர புஷ், பிரேக் தட்டு, முன் விளக்கு ஆகிய மூன்றின் விலையையும் கையிருப்பையும் முகவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். ‘ஓடரில்’ என்ற பதில் இரண்டுக்கு மேல் வந்தால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள். கீழே தகரத் தகடு பூட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அதற்குப் பின்னால் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.