ஸ்டெயின்ஸ் கேட்: பார்ப்பதா, படிப்பதா?

ஸ்டெயின்ஸ் கேட் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்தவர்கள், அதற்கு மூலமான விஷுவல் நாவலையும், அதாவது படங்களோடு கதையைப் படித்து நடுநடுவே நாமே தேர்வு செய்யும் கேமையும், படிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். இன்னும் எதையும் தொடாதவர்கள், எதில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: தொடரில் தொடங்குங்கள். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏனென்றால், கதையின் நடுவே வரும் ஒரு சாவைச் சொல்லாமல் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது.

கேம் 2009 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்தது. 2011 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒயிட் ஃபாக்ஸ் ஸ்டுடியோ அதை 24 எபிசோடுகளாக எடுத்தது. கதை நடப்பது 2010 கோடையில், டோக்கியோவின் அகிஹபாராவில். பழைய டியூப் டிவி விற்கும் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. அங்கே ஒகாபே ரின்தாரோ என்ற கல்லூரி மாணவனும் நண்பர்களும் மைக்ரோவேவ் அடுப்பையும் செல்போனையும் இணைத்து ஒரு கருவி செய்கிறார்கள். அது கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. ஒரு செய்திக்கு 36 பைட்தான் அளவு. ஜப்பானிய எழுத்தில் அது 18 எழுத்து, அதுவும் ஆறு ஆறாக உடைந்துதான் போய்ச் சேரும். கற்பனை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு கறாரான கணக்கு வைத்திருப்பதால்தான் எனக்கு இந்தக் கதை மேல் இவ்வளவு மரியாதை.

தொடரின் முதல் பாதி மெதுவாகப் போகிறது என்ற குறை நியாயமானதுதான். கேம் இன்னும் மெதுவாகப் போகும். முழுதாகப் படிக்க முப்பது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தொடர் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கேமின் மெதுவில் சரக்கு இருக்கிறது. 2000-01இல் எதிர்காலத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு இணையத்தில் எழுதிய ஜான் டைட்டர், அவன் தேடி வந்ததாகச் சொன்ன ஐபிஎம் 5100 கணினி, சுழலும் கருந்துளை என எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுகிறார்கள். தொடரில் இதெல்லாம் சுருங்கிவிடுகிறது. அறிவியல் பேச்சுக்காகவே வருகிறவர்களுக்குக் கேம்தான் சரி.

ஒகாபேயைப் பார்க்கும் விதமும் மாறுகிறது. கேமில் நாம் அவன் தலைக்குள் இருக்கிறோம். பைத்தியக்கார விஞ்ஞானி வேடத்துக்குப் பின்னால் ஓடும் பயம் எல்லாம் எழுத்தில் தெரிந்துவிடும். தொடரில் அவனை வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். அதனால் அந்த வேடம் உடையும்போது அடி பலமாக விழுகிறது. இரண்டிலும் குரல் மியானோ மமோருதான். 12ஆம் எபிசோடில் சிறுவயதுத் தோழி மயூரி கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குரல் நடுங்குவதைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த எபிசோடில் அவன் காலத்தில் பின்னால் தாவுகிறான், அவளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான், அவள் வேறொரு விதத்தில் சாகிறாள். மறுபடி தாவுகிறான். எழுத்தில் நீளமாக வரும் இந்தப் பகுதியைத் தொடர் வெட்டி வெட்டிக் காட்டுகிறது. வெயிலில் வெளுத்த துணி போன்ற அந்த நிறங்களும் சேர்ந்து மூச்சு முட்ட வைக்கின்றன. இங்கே தொடருக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் அதற்குப் பிறகு வருவதில் கேம் எங்கோ போய்விடுகிறது.

மயூரியைக் காப்பாற்ற, அதுவரை கடந்த காலத்துக்கு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவரின் ஆசையை நிறைவேற்றியது. தோழி ஃபாரிஸுக்கு இறந்த அப்பா திரும்பக் கிடைத்தார். பெண்ணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய பையன் ருகா பெண்ணாகவே பிறந்தாள். இவற்றை ஒகாபே தன் கையாலேயே பறிக்க வேண்டும். தொடர் 17ஆம் எபிசோடில் ஃபாரிஸ், 18இல் ருகா என்று ஆளுக்கு ஒன்றாக முடித்துவிட்டுப் போகிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவன் பறிக்கப் போகிறான் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

கேமில் போன் நம் கையில் இருக்கிறது. ரத்து செய்ய மறுக்கலாம். மறுத்தால் கதை அங்கேயே கிளை பிரிந்து முடிந்துவிடும். ருகாவின் முடிவில் அவளோடு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது, விலை மயூரியின் உயிர். கீழே டிவி கடையில் வேலை பார்க்கும் சுசுஹாவின் முடிவில் ஒகாபே மயூரி சாகும் நேரம் வரும் முன்பே பின்னால் தாவி, அதே இரண்டு நாளைத் திரும்பத் திரும்ப வாழ்கிறான். கடைசியில் மனம் மரத்துப் போகிறது. இந்த வகைக் கேம்களில் ஒரு பெண்ணின் கதைக்குப் போவது வழக்கமாகப் பரிசு போல இருக்கும். இங்கே அதுவே குற்றமாகிறது. எந்தத் தழுவலாலும் இதைக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் பார்வையாளர் மறுக்க முடியாது.

கேமின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உண்மையான முடிவை எட்ட, கதை நெடுக, ஒகாபேயின் குழுவில் சேரும் இளம் விஞ்ஞானி குரிசுவின் மின்னஞ்சல்களுக்குச் சரியான பதில்களை அனுப்பியிருக்க வேண்டும். எந்த வார்த்தையைத் தேர்ந்தால் எங்கே போவோம் என்று கேம் சொல்வதில்லை. முப்பது மணி நேரம் செலவழித்தவரை அந்த முடிவுக்கு வெளியே நிறுத்துவது அநியாயம். வழிகாட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள், அதில் எந்தத் தவறும் இல்லை.

அப்புறம், 2018இல் வந்த எலைட் பதிப்பு. தொடரின் காட்சிகளையே வைத்து கேமை மறுபடி கட்டியது, தொடரில் இல்லாத முடிவுகளுக்குப் புதிதாக வரைந்த காட்சிகளும் உண்டு. வசதியானதுதான், ஆனால் கேமின் ஓவியர் ஹுகேயின் கறை படிந்த தூரிகை ஓவியங்கள் அதில் இல்லை, ஒகாபேயின் உள்மனப் பேச்சும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தொடரைப் பார்த்தவர்களுக்கு அது பார்த்ததையே மறுபடி பார்ப்பது போல இருக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொடரை முடித்து ஒரு வருடமாவது போகட்டும். திருப்பங்கள் கொஞ்சம் மங்கிய பிறகு 2009 கேமை எடுங்கள். ருகாவின் அத்தியாயம் வரும்போது அவசரப்படாதீர்கள். அந்தச் செய்தியை அனுப்பும் முன் போனை ஒருமுறை மூடி வைத்துவிட்டு, அந்தக் கிளையையும் கடைசிவரை படியுங்கள். பிறகு சேமித்த இடத்துக்குத் திரும்பி வந்து, அனுப்புங்கள்.