ஹிப் தடுப்பூசியும் நியூமோகாக்கல் தடுப்பூசியும்

ஆறாவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லப்படும் குழந்தையின் இடது தொடையில் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் வலது தொடையில் நியூமோகாக்கல் ஊசியும் போடப்படுகின்றன. இரண்டுமே பாக்டீரியாவால் வரும் நிமோனியாவைத் தடுப்பவைதாம் என்றாலும், அவற்றின் எல்லைகள் வேறு.

பென்டாவேலன்ட்டில் அடங்கிய ஹிப் பகுதி, ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா கிருமியின் ‘பி’ வகையை மட்டுமே குறிவைக்கிறது. அக்கிருமியால் குழந்தைகளுக்கு வந்த கடும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு வகையே காரணமாக இருந்ததால், தடுப்பூசி பரவலான நாடுகளில் ஹிப் நோய் மிக அரிதாகிவிட்டது. இந்தியாவில் 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட்டை முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

நியூமோகாக்கஸ் கிருமி அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. அதன் சர்க்கரை உறையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்க, தடுப்பூசியோ 10, 13 என்று சிலவற்றையே உள்ளடக்குகிறது. அமெரிக்காவில் 2000இல் ஏழு வகைகளுக்கான தடுப்பூசி வந்தபின், அதில் இடம்பெறாத 19ஏ வகை தலையெடுத்தது. அதையும் சேர்த்த 13 வகைத் தடுப்பூசி 2010இல்தான் வந்தது. ஆயினும் குழந்தைகளின் பாக்டீரியா நிமோனியாவுக்கு முதன்மைக் காரணம் இக்கிருமியே என்பதால், இன்றைய நிலையில் நுரையீரலைக் காப்பதில் நியூமோகாக்கல் தடுப்பூசியின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

இந்தியாவில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் இது நாடெங்கும் விரிந்தது. பென்டாவேலன்ட் 14ஆம் வாரத்தோடு முடிந்துவிடும். நியூமோகாக்கலுக்கு மட்டும் ஒன்பதாம் மாதத்தில், தட்டம்மை–ரூபெல்லா ஊசியோடு சேர்த்து, ஒரு ஊக்கத் தவணை மீதமிருக்கும்.