தேயிலைத் தொழிற்சாலைச் சத்தமும் காதிரைச்சலும்: நுரைக் காதடைப்பான் பற்றிய ஒரு மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் வெல்டிங் கண்ணாடிக்கும் கையுறைக்கும் அருகே தொங்கும் சிறு பக்கற்றில், கயிறு கோத்த செம்மஞ்சள் நிற நுரைக் காதடைப்பான் சோடியாகக் கிடைக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்பவராக இருக்கும் நான், கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடும் அறையிலும் சலிக்கும் அறையிலும் அதை அணிந்து பார்த்தும், என்னோடு வேலை செய்பவர்களை அணியச் சொல்லிக் கேட்டறிந்தும் இதை எழுதுகிறேன்.

இரவு வேலை முடிந்து தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போய்ப் படுத்தவுடன் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைச்சல் கிளம்புவதாகப் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் பழியைப் பனிக்காற்றின் மேல் போட்டுவிட்டு மறுநாளும் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். உண்மையில் இதில் இரண்டு வகை உண்டு. எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில் ஒரு காது சட்டென்று அடைத்தது போலாகி, மெல்லிய கூர்மையான ஒலி சில விநாடிகள் கேட்டுத் தேய்ந்து மறைவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. அதற்குப் பயப்படத் தேவையில்லை. பெருஞ்சத்தத்தில் மணிக்கணக்காக நின்ற பின் கேட்கும் இரைச்சலோ காது பட்ட அடியின் அடையாளம். உட்காதில் சுருண்டிருக்கும் நத்தைச் சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க் கலங்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலை இவற்றுடையது. சத்தம் மிஞ்சும்போது இவை களைத்துப்போகின்றன. காது சிறிது மந்தமாகிறது. காதில் இருந்து வரும் செய்தி குறைந்ததை ஈடு செய்ய மூளை தன் கேட்கும் கூர்மையை ஏற்றிக்கொள்ளும்போது, வெளியில் இல்லாத ஒலியும் கேட்கத் தொடங்குகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் செத்துப்போன மயிர்க் கலம் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே காதடைப்பானைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன்.

இரவில் மட்டும் இரைச்சல் ஏன் பெரிதாகிறது என்று கேட்பவர்களுக்கு 1953 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு விடை தரும். காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் இருத்தியபோது, அவர்களில் 94 வீதமானோர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். அமைதியே உள்ளொலியை எடுத்துக் காட்டுகிறது.

இனிப் பொருளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். ஆகவே 94 டெசிபல் உள்ள இடத்தில் ஒரு மணி நேரமே பாதுகாப்பானது. அளவுக் கருவி இல்லாவிட்டாலும், கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கற்றில் 29 டெசிபல் குறைக்கும் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அது ஆய்வுகூடத்தில் ஒழுங்காக அணிவித்து அளந்த கணக்கு. அதிலிருந்து 7 ஐக் கழித்துப் பாதியாக்கினால் வரும் 11 தான் வேலைத்தளத்தில் எதிர்பார்க்கத்தக்கது. அப்படியும் 95 டெசிபலில் நிற்பவரின் காதுக்கு 84 மட்டுமே போய்ச் சேரும் என்பதால், இந்தச் சிறு நுரைத்துண்டு செய்வது பெரிய உபகாரம்.

ஆனால் அணியும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. நுரையை விரல்களுக்கிடையில் மடிப்பு விழாமல் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, திரியை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் அணிந்தும் பயனில்லை. எங்கள் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோலரில் இருந்து இறங்கும் கொழுந்தின் சாறு கையில் பட்டால் பிசுபிசுத்து விரைவில் செம்பழுப்பாகிவிடும். அந்தக் கையால் நுரையை உருட்டினால் அழுக்கு முழுவதும் காதுக்குள் போகும். எனவே கை கழுவி, உள்ளே நுழையும் முன்பே அணிந்துகொள்வது அவசியம். தேயிலையை உலர்த்தும் ட்ரையருக்கும் வெளிக்கும் அடிக்கடி போய் வருபவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு மூன்றடுக்குச் சிலிக்கன் அடைப்பானே நல்லது. உருட்ட வேண்டியதில்லை, சவர்க்கார நீரில் கழுவலாம். எதை வாங்கினாலும் கயிறு உள்ளதாகவே வாங்குங்கள். கயிறில்லாதது கழன்று விழுந்தால் தூளோடு கலந்து தேயிலைக்குள் போய்விடும்.

காதடைப்பானால் தீராத காதிரைச்சல்களும் உண்டு. குரும்பி (காது மெழுகு) அடைத்திருந்தால் நுரை அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனை வழியாக மேலே ஏறும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால். விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ திறந்துகொள்ளும். அதிக அளவு அஸ்பிரின், குயினைன், ஜென்டமைசின் போன்ற மருந்துகளும் இரைச்சலை உண்டாக்கும். ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று குறைந்து இரைச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை. நாள் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனெனில் அதற்குரிய ஸ்டீரொயிட் சிகிச்சை தாமதித்தால் பயன் குறைந்துவிடும். நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும் ஒலியையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

குறை என்று சொன்னால், அணியும் முறை பக்கற்றில் ஆங்கிலத்தில் மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு அச்சிட வேண்டும். அழுக்கேறிய, விரியாத நுரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எடுக்க வேண்டியிருப்பதால், இதைத் தொழிலாளியின் பையிலிருந்து வாங்க வைப்பது நியாயமில்லை. கையுறையைப் போலவே நிர்வாகம் பெட்டி பெட்டியாக வாங்கி ரோலர் அறை வாசலில் வைக்க வேண்டிய பொருள் இது.