பல வெப் சர்வர்களுக்கு ஒரே என்எஃப்எஸ்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் பல வெப் சர்வர்கள் இயங்கும்போது, ஒரு சர்வர் வழியாகப் பயனர் ஏற்றிய படம் மற்ற சர்வர்களிலும் கிடைத்தாக வேண்டும். அதற்காக, ஒரு சேமிப்புச் சர்வரில் உள்ள கோப்புறையை நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்கள் தம் சொந்த வட்டுபோலப் பயன்படுத்த உதவும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) பகிர்வைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய இந்த நெறிமுறை லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. அதன் நான்காம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும் என்பதால் ஃபயர்வால் விதிகளும் எளிமையாக அமைகின்றன. பகிர்ந்தே ஆக வேண்டிய கோப்புகளை மட்டும் அதில் வைக்கும்வரை இது நம்பி விடக்கூடிய ஏற்பாடு என்பதே என் கருத்து.

நிரல் கோப்புகளுக்கு இது ஏற்றதன்று. பிஎச்பி பயன்பாடு ஒன்று ஒரே கோரிக்கைக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொடக்கூடும். அவை மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதே பல நெட்வொர்க் பயணங்களாகிவிடுகிறது. என்எஃப்எஸ் அழைப்புகளை எண்ணிக் காட்டும் என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தபோது, தரவைப் படிக்கும் அழைப்புகளைவிட கோப்பின் பண்புகள், பெயர், அனுமதி ஆகியவற்றைக் கேட்டறியும் கெட்ஆட்டர், லுக்கப், ஆக்சஸ் ஆகியவையே மிகுந்திருந்தன. எனவே நிரலை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் ஒவ்வொரு சர்வரின் சொந்த வட்டுக்கும் அனுப்புகிறோம். பயனரின் உள்நுழைவு போன்ற விவரங்களை வைத்திருக்கும் செஷன்கள், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் இருக்கின்றன.

மிகுந்த கவனம் கேட்பது, பெற்ற விடைகளை ஒவ்வொரு வெப் சர்வரும் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும் கேச்தான். லினக்ஸில் கோப்பின் பண்புகள் (அளவு, மாற்றிய நேரம் போன்றவை) இயல்பாக 3 முதல் 60 விநாடிகள்வரையும், கோப்புறையின் பண்புகள் 30 முதல் 60 விநாடிகள்வரையும் கேச்சில் தங்கும். ஒரு படத்தைத் தேடி ‘இல்லை’ என்று அறிந்த சர்வர், அப்படம் வேறொரு சர்வர் வழியாக ஏற்றப்பட்ட பின்னரும் சிறிது நேரம் 404 (கிடைக்கவில்லை) என்றே பதில் தந்துகொண்டிருக்கும். கேச்சை முழுவதும் அணைத்தால் வேகம் படுத்துவிடும்; ‘லுக்கப்கேச்=பாசிட்டிவ்’ என்ற மவுண்ட் விருப்பம் (பகிர்வைச் சர்வரில் இணைக்கும்போது தரும் அமைப்பு), ‘இல்லை’ என்ற விடையை மட்டும் நினைவில் வைக்காமல் விடுவதால், எங்களுக்கு அதுவே பொருந்தியது. ஏற்கெனவே உள்ள படத்தை அதே பெயரில் மாற்றி எழுதுவதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் புதுப் பெயர் கொடுப்பதால், பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் சர்வரில் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ பிழை (திறந்திருந்த கோப்பு இப்போது இல்லை என்பது) எழ இடமில்லை.

எல்லாச் சர்வர்களிலும் வெப் சர்வர் எந்தப் பயனர் கணக்கில் இயங்குகிறதோ அதன் யுஐடி (அடையாள) எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சேமிப்புச் சர்வர் நின்றுபோகும் வேளைதான் உண்மையான சோதனை. ஹார்ட் மவுண்டில், அதாவது பதில் வரும்வரை விடாமல் முயலும் இணைப்பில், பிராசஸ்கள் அப்படியே காத்திருக்கும். சிபியு சும்மா இருக்க, காத்திருக்கும் பிராசஸ்களையும் எண்ணும் லோட் ஆவரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சாஃப்ட் மவுண்ட் சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுப் பிழையைத் திருப்பித் தந்துவிடும் என்றாலும், எழுதும் வேளையில் தரவு சிதையும் அபாயம் அதில் உண்டு. ஆகவே எழுதும் சர்வர்களில் ஹார்ட், படங்களைப் பரிமாற மட்டுமே உள்ள சர்வர்களில் ரீட்-ஒன்லியுடன் (படிக்க மட்டும்) சாஃப்ட் என்று பிரித்திருக்கிறோம். வட்டை நெட்வொர்க் வழியாகப் பிரதியெடுக்கும் டிஆர்பிடி மென்பொருளால் ஒத்திசைக்கப்படும் இரண்டாவது சேமிப்புச் சர்வர் பொறுப்பேற்கும்போதும், நான்காம் பதிப்பின் கிரேஸ் காலம் (முன்பு திறந்திருந்த கோப்புகளையும் பூட்டுகளையும் சர்வர்கள் மீட்டுக்கொள்ளத் தரும் அவகாசம்) இயல்பாக 90 விநாடிகள்வரை நீள்வதால், புதிய கோப்புத் திறப்புகள் அதுவரை காத்திருக்க நேரலாம். சர்வர் இயங்குகிறதா என்று லோட் பேலன்சர் கேட்டுப் பார்க்கும் ஹெல்த் செக் கோப்பைப் பகிர்வில் வைத்தால் அந்த இடைவெளியில் எல்லா வெப் சர்வர்களும் ஒருசேரச் செயலிழந்தவையாகக் கணக்கிடப்படும். அதனால் அக்கோப்பைச் சர்வரின் சொந்த வட்டில் வைத்து, பகிர்வைத் தனியாகக் கண்காணிக்கிறோம்.