லாக் ஆன ஜிமெயிலை திரும்ப எடுத்த கதை: கூகுள் ரெக்கவரிக்கு 4, பஸ் ஸ்டாண்டு கடைக்கு 1

மொதல்ல மார்க்கை சொல்லிடறேன். கூகுள் அக்கவுண்ட் ரெக்கவரி பேஜுக்கு 5க்கு 4. நடுவுல நான் போய் மாட்டிக்கிட்ட பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் சென்டருக்கு 1, அந்த ஒண்ணும் ஃபேன் போட்டு உக்கார வச்சதுக்கு.

என்ன ஆச்சுன்னா, போன மாசம் போன் தண்ணித் தொட்டியில விழுந்துருச்சு. அரிசி டப்பாவுல எல்லாம் போட்டு வச்சுப் பாத்தாச்சு, உயிர் வரல. சரின்னு புது போன் வாங்கி ஜிமெயில் ஐடி அடிச்சா பாஸ்வேர்டு கேக்குது. பாஸ்வேர்டா? அதை நான் கடைசியா எந்த வருஷம் அடிச்சேன்னே தெரியல, அது பாட்டுக்கு எப்பவும் லாகின்லயே கெடக்கும்ல. 2010ல காலேஜ் கடைசி வருஷம் ரெஸ்யூமே அனுப்பறதுக்காக ஆரம்பிச்ச ஐடி, இன்னிக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட், பிஎஃப், வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணது, பொண்ணு பொறந்தப்ப எடுத்த போட்டோ எல்லாமே அதுக்குள்ளதான். வாய்க்கு வந்தது, கைக்கு வந்தது எல்லாத்தையும் அடிச்சுப் பாத்தேன், கடைசில நிறைய தடவை தப்பா அடிச்சுட்டீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கன்னு கதவை சாத்திருச்சு.

அதுக்கு முன்னாடி போன் நம்பருக்கு கோட் அனுப்பட்டுமான்னு ஒரு கேள்வி கேட்டுச்சு. நம்பரோட கடைசி ரெண்டு டிஜிட்டை மட்டும் காட்டும்ல, அதைப் பாத்ததும்தான் வயித்துல புளியைக் கரைச்சுது. என் பழைய நம்பர் அது. 2018ல நம்ம பக்கம் ஊருக்குப் பாதி பேர் வச்சிருந்த ஒரு சிம் திடீர்னு டவரே இல்லாம படுத்துச்சே, ஆளாளுக்கு போர்ட் பண்ண வெயில்ல கியூல நின்னாங்களே, அப்ப நான் மட்டும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்ட நம்பர். புது நம்பரை பேங்க்ல மாத்தினேன், கேஸ் புக்கிங்ல மாத்தினேன், ரேஷன் கார்டுல கூட மாத்தினேன், மெயில்ல மட்டும் மாத்தல. நம்ம நாட்டுல கட்டான நம்பரை 90 நாள் வரைக்கும் யாருக்கும் தரமாட்டாங்க, அதுக்கப்புறம் புது ஆளுக்குப் போகலாம். இப்ப அது யார் பாக்கெட்ல இருக்கோ, அனுப்புன கோட் யாருக்குப் போச்சோ.

பதட்டத்துல நான் பண்ண முட்டாள்தனம்தான் அந்தக் கடைக்குப் போனது. வாசல்ல "ஜிமெயில் பேஸ்புக் லாக் எடுத்துத் தரப்படும்"னு ஃப்ளெக்ஸ் வேற. உள்ள இருந்த பையன் அரை மணி நேரம் அவங்க சிஸ்டத்துல என் ஐடியைப் போட்டு தட்டு தட்டுன்னு தட்டிட்டு, "சார், இது கொஞ்சம் கஷ்டமான கேஸு, சென்னைல நமக்கு ஆள் இருக்காங்க, ஆயிரத்து ஐநூறு ஆகும், ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, ராத்திரி ஒரு ஓடிபி வரும் அதை மட்டும் சொல்லிருங்க"ன்னான். ஓடிபின்னு அவன் வாயில வந்த உடனே எந்திரிச்சு வந்துட்டேன். வந்ததுக்கு நூறு ரூபா வாங்கிட்டுத்தான் விட்டான். பாஸ்வேர்டு எடுத்துத் தர்றோம்னு சொல்ற எந்த வெளி ஆளோடயும் எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னு கூகுளே அவங்க ஹெல்ப் பேஜ்ல எழுதி வச்சிருக்காங்க, அதை நான் வீட்டுக்கு வந்தப்புறம்தான் படிச்சேன். நெட்ல கஸ்டமர் கேர் நம்பர்னு தேடி போன் போட்டுறாதீங்க, அதுவும் இதே ஜாதிதான். ஏற்கனவே காசை விட்டிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

கடைக்குப் போனதுல காசை விட பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. கூகுளோட ரெக்கவரி பேஜ் நம்ம சொல்ற பதிலை மட்டும் பாக்கறதில்ல, எந்த மெஷின்ல இருந்து, எந்த பிரவுசர்ல, எந்த இடத்துல இருந்து வர்றோம்னும் பாக்குது. நாம எப்பவும் லாகின் பண்ணின கம்ப்யூட்டர், நம்ம வீட்டு வைஃபை, இதெல்லாம் அதுக்கு நம்ம மூஞ்சி மாதிரி. முன்ன பின்ன தெரியாத கடை சிஸ்டத்துல உக்காந்து நான்தான் நான்தான்னு கத்தினா அது எப்படி நம்பும், திருடனும் அதைத்தானே சொல்வான்.

அப்பதான் பரண் மேல கெடந்த பழைய லேப்டாப் ஞாபகம் வந்துச்சு. பேட்டரி செத்து போயி சார்ஜர் சொருகினா மட்டும் ஓடும், ஃபேன் சத்தம் மிக்சி மாதிரி. ஆன் பண்ணி குரோமைத் தொறந்தா எந்த சைட்டும் வரல, உங்க கடிகாரம் பின்னாடி ஓடுதுன்னு ஒரு எரர். மூலையில பாத்தா தேதி 2016 ஜனவரின்னு காட்டுது, உள்ள இருக்கற குட்டி பேட்டரியும் அவுட்டு. கையால தேதியை மாத்தினதும் சமத்தா எல்லா சைட்டும் வந்துருச்சு. இதை ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, இந்த எரரைப் பாத்துட்டு லேப்டாப் போச்சுன்னு மூடி வச்சிருந்தா என் அக்கவுண்ட்டும் அன்னிக்கே போயிருக்கும்.

அதுல ரெக்கவரி பேஜைத் தொறந்ததும், கடைசியா ஞாபகம் இருக்கற பாஸ்வேர்டு என்னன்னு கேட்டுச்சு. இப்ப இருக்கறது தெரியலன்னாலும் பரவால்ல, பழசு எதாவது சரியா இருந்தாலும் அது ஒரு சாட்சி. என் மொத பைக்கோட பேரும் வண்டி நம்பரும் போட்டேன். அடுத்து ரெக்கவரி மெயிலுக்கு கோட் அனுப்பறேன்னுச்சு, அது எப்பவோ நான் குடுத்து வச்சிருந்த தங்கச்சி ஐடி. கோயம்புத்தூருக்கு போன் போட்டு "பாப்பா, ஒரு கோட் வரும் சொல்லு"ன்னா, அவ சொல்லவே மாட்டேங்கறா.

"ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ அண்ணன்தான்னு நான் எப்படி நம்பறது, புது நம்பரா வேற இருக்கு."

"ஏய், என் குரல் தெரியலையா?"

"குரலைக் கூட இப்ப காப்பி அடிக்கறாங்களாம். நம்ம வீட்டு மொத நாய் பேரு என்ன, அதைச் சொல்லு."

"மணி. அப்பா வண்டிக்குப் பின்னாடியே மார்க்கெட் வரைக்கும் ஓடும்."

அப்புறம்தான் ஆறு நம்பரையும் ஒவ்வொண்ணா சொன்னா. கோட் போட்டதும் உடனே தொறக்கல, சரி பாத்துட்டு லிங்க் அனுப்பறோம்னு சொல்லிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி மெயிலுக்கு வந்துச்சு, அதே லேப்டாப்ல தொறந்து புது பாஸ்வேர்டு போட்டேன். காத்திருக்க வைக்கறது எரிச்சலா இருக்கும்தான், ஆனா வேற எவனாவது என் பேர்ல உள்ள நுழையப் பாத்திருந்தா அந்த ரெண்டு நாள்தானே எனக்குக் கெடைக்கற அவகாசம்.

அந்த ஒரு மார்க்கை ஏன் கொறைச்சேன்னா, காசு கட்டாம யூஸ் பண்ற அக்கவுண்ட்டுக்கு போன் போட்டுப் பேச ஆளே கெடையாது, எல்லாம் அந்த ஒரு பேஜ்தான். எங்க அம்மா மாதிரி ஆளுங்க மாட்டினா என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சா பாவமா இருக்கு. ஆனா பேசற ஆளை உக்கார வச்சா அந்தக் கடைப் பையன் மாதிரி ஆளுங்க அவரையும் பேசியே கவுத்துருவாங்க, அதனால முழுசா குத்தம் சொல்லவும் மனசு வரல.

உள்ள போனதும் மொத வேலையா நம்பரை மாத்தினேன். மாத்தின உடனே எல்லாம் முடிஞ்சுடாது, ஒரு வாரம் வரைக்கும் பழைய நம்பருக்கும் கோட் அனுப்ப வாய்ப்பு இருக்காம். அப்புறம் பேக்கப் கோட், அதாவது போன் கையில இல்லாதப்ப லாகின் பண்ண அடிக்கறது, எட்டு டிஜிட்ல பத்து கோட் தரும், ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். அதை போன்லயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கற அறிவாளி வேலையைப் பண்ணாம பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு கூட பீரோவுல வச்சிருக்கேன். 2025 அக்டோபர்ல ரெக்கவரி காண்டாக்ட்னு ஒண்ணு விட்டாங்க, நம்பிக்கையான ஆளுங்களை முன்கூட்டியே சேத்து வச்சுக்கலாம், மாட்டிக்கிட்டா அவங்க நமக்கு சாட்சி சொல்லுவாங்க. அதுல தங்கச்சியை சேத்துட்டேன். காலேஜ் காலத்து ரெண்டாவது ஐடி ஒண்ணு சும்மா கெடந்துச்சு, அதையும் தொறந்து பாத்தேன், ரெண்டு வருஷம் தொடாம விட்டா அழிக்கலாம்னு 2023லயே ரூல் போட்டாச்சே.

லேப்டாப்பை திரும்ப பரண்ல ஏத்தல, டிவி ஸ்டாண்டுல வச்சு மாசம் ஒரு தடவை ஆன் பண்றேன். தங்கச்சி இப்பவும் நான் போன் பண்ணா ஹலோ சொல்றதில்ல, நாய் பேரைத்தான் கேக்கறா.