ஓட்டுச்சாவடிக்கு முழு மதிப்பெண், கட்சிகளுக்குப் பாதிகூட இல்லை

வட கரோலினாவின் வேக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருப்பவர்களுக்கு, தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் போய் ஓட்டுப் போடும் ஏர்லி வோட்டிங்கை நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன். அதைச் சுற்றிக் கடை விரித்திருக்கும் இரண்டு கட்சிகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சேவையில் கட்சிகளின் கை படாத இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, கை பட்ட இடமெல்லாம் கெட்டுக் கிடக்கிறது. 2024 தேர்தலில் உள்ளே நின்று பார்த்ததையும், அதன் பிறகு மாதக்கணக்கில் நடந்த கூத்தையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நாளன்று உங்கள் வட்டாரத்துச் சாவடிக்குத்தான் போக வேண்டும். ஏர்லி வோட்டிங்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, கவுன்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம். 2024-ல் அக்டோபர் 17 முதல் நவம்பர் 2 வரை நடந்தது. வார நாட்களில் இரவு ஏழரை வரை திறந்திருந்ததால் வேலை முடிந்து, பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக்கூடப் போக முடிந்தது. மாநிலம் முழுக்க 42 லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி நேரில் வந்து போட்டிருக்கிறார்கள். மொத்தம் பதிவானது ஏறக்குறைய 57 லட்சம் ஓட்டு என்றால், இங்கே தேர்தல் என்பதே பெரும்பாலும் இதுதான்.

பெயரைப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் இந்த நாட்களில் முகவரிச் சான்றோடு போனால் அங்கேயே பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம். கேரி, மோரிஸ்வில் பக்கம் புதிதாகக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பதிவுக்கான கடைசித் தேதி போன பிறகு குடியுரிமை கிடைத்தவர்கள் தேர்தல் நாளன்றே பதிவு செய்யலாம் என்பதும் தெரிவதில்லை. 2023 முதல் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். ஓட்டுநர் உரிமம் அல்லது அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் போதும், இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

உள்ளே பெயரையும் முகவரியையும் நம் வாயாலேயே சொல்லச் சொல்வார்கள். அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, நம் முகவரிக்குரிய சீட்டைக் கொடுப்பார்கள். காகிதச் சீட்டு, பேனா, முட்டை வடிவக் கட்டம், அவ்வளவுதான். நிரப்பிய சீட்டை நாமே இயந்திரத்துக்குள் விட வேண்டும். அது உள்ளே இழுத்துக்கொண்டதும் திரையில் எண்ணிக்கை ஒன்று கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். தகராறு என்று வந்தால் திரும்ப எண்ணுவதற்குக் காகிதம் கையில் இருக்கிறது. இந்த எளிமைக்காகவே எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

குறை என்று சொன்னால் வாகன நிறுத்தம்தான். நான் முதலில் போன மையத்தில் காரை நிறுத்த இடமே கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அதே வாரம் மத்தியான வேளையில் வேறொரு மையத்துக்குப் போனபோது வரிசையே இல்லை.

என்னை அசத்தியது கர்ப்சைட் வோட்டிங். வயதாலோ உடல்நிலையாலோ உள்ளே வர முடியாதவர்கள் காரில் உட்கார்ந்தபடியே போடலாம். என் மாமியாருக்கு முழங்கால் மோசம், வாக்கர் இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. குடியுரிமை பெற்ற பிறகு அவருக்கு அதுதான் முதல் அதிபர் தேர்தல். அறிவிப்புப் பலகை வைத்திருந்த இடத்தில் காரை நிறுத்தினேன். வயதான ஓர் அம்மாள் வெளியே வந்து, உள்ளே வர இயலவில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போய்ச் சீட்டை ஓர் அட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். உதவி வேண்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் குனிந்து அத்தையிடமே கேட்டார். "மருமக இருக்கா, அவ போதும்" என்று அத்தை தமிழிலேயே பதில் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். இந்த மாநிலச் சட்டத்தில் ஓட்டுப் போட உதவக்கூடிய நெருங்கிய உறவினர் யார் யார் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதில் மருமகளும் உண்டு. அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, நாங்கள் பேசுவது காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அத்தை அவசரப்படவில்லை. அதிபர், ஆளுநர் எல்லாம் ஏற்கெனவே முடிவு செய்து வந்தவை, மளமளவென்று முடித்துவிட்டார். சீட்டைத் திருப்பிய பிறகுதான் நேரம் எடுத்தது. மண், நீர்ப் பாதுகாப்பு வட்டாரத்துக்கு மேற்பார்வையாளர் என்று ஒரு பதவி இருந்தது. "மண்ணுக்கும் தண்ணிக்குமா தேர்தல் வைக்கிறாங்க?" என்றார். மண் அரிப்பைத் தடுப்பது, ஓடைத் தண்ணீர் கெடாமல் பார்ப்பது, நிலம் வைத்திருப்பவர்களுக்கு யோசனை சொல்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப இதுல யாருக்கு விவசாயம் தெரியும்? அத மட்டும் சொல்லு." மாதிரிச் சீட்டை முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்ததால் சொல்ல முடிந்தது. அந்தச் சீட்டிலேயே அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டத்துக்குத்தான். யாருக்குப் போட்டார் என்பதைச் சொல்ல மாட்டேன், அது அவர் ஓட்டு.

மாதிரிச் சீட்டு என்றேன் அல்லவா, அதைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள். மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தால் உங்களுக்கு வரப்போகும் சீட்டு அப்படியே கிடைக்கும். ஆளுநர், துணை ஆளுநர், அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், பொருளாளர், வேளாண்மை, காப்பீடு, தொழிலாளர் நலம் என்று மாநில அளவில் மட்டும் பத்துப் பதவிகள். அப்புறம் காங்கிரஸ், மாநில அவைகள், நீதிபதிகள், கவுன்டி. முன்பெல்லாம் கட்சிப் பெயருக்கு எதிரே ஒரே ஒரு குறி போட்டால், அதிபர் தவிர மற்ற கட்சிப் பதவிகள் எல்லாவற்றுக்கும் ஓட்டு விழுந்துவிடுமாம். 2013-ல் வந்த சட்டம் அதை நிறுத்தியது. கொண்டுவந்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்களோ, எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பெயரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மக்கள் பார்க்கவும் செய்கிறார்கள். 2024-ல் இங்கே டிரம்ப் மூன்று சதவீதத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே சீட்டில் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன் கிட்டத்தட்ட 15 சதவீத முன்னிலையில் வென்றார். அந்தப் பத்துப் பதவிகளில் ஐந்து இந்தக் கட்சிக்கு, ஐந்து அந்தக் கட்சிக்கு. தொலைக்காட்சி சொல்வதுபோல எல்லோரும் ஏதோ ஒரு முகாமில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவர்கள் என்றால் இந்த முடிவு வந்திருக்காது.

கட்சிகளோ கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கின்றன. வாசலுக்கு வெளியே, எல்லைக் குறிக்கு அப்பால், இரண்டு தரப்பும் தங்கள் ஆட்களின் பெயர் அச்சிட்ட அட்டையை ஆளுக்கொன்று கொடுக்கும். நான் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பள்ளி வாரியம் போலக் கட்சி அடையாளமே இல்லாத பதவிக்குக்கூட "எங்கள் ஆள் இவர்" என்று பெயர் போட்டிருந்தது. ஏன் இவர் என்று ஒரு வரி கிடையாது. நின்றவர்கள் என்னவோ நல்லவர்கள், தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். அந்த அட்டைதான் என்னை அவமதித்ததாகத் தோன்றியது.

நீதிபதி தேர்தலில் இது அநியாயமாகவே இருக்கிறது. நீதிபதி பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் அச்சாகிறது. அதன் விலை என்ன என்பதற்குத் தொகுதி வரைபடத்தைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை இருந்த மாநில உச்ச நீதிமன்றம் 2022-ல் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடத்தைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் ஏற்பாடு செய்த வரைபடத்தில் அந்த ஆண்டு காங்கிரஸ் இடங்கள் 7-7 என்று வந்தன. அதே தேர்தலில் நீதிமன்றத்தின் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு மாறியது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப் போட்டது. புது வரைபடத்தில் 2024-ல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. சட்டமும் மாறவில்லை, அரசியல் சாசனமும் மாறவில்லை, நீதிபதிகள் மாறினார்கள். 2025 அக்டோபரில் குடியரசுக் கட்சியினர் இன்னும் ஓர் இடத்தைக் குறிவைத்து மறுபடி வரைந்திருக்கிறார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லி அழுகிறார்கள், நியாயம்தான். ஆனால் 1990-களில் சட்டமன்றம் அவர்கள் கையில் இருந்தபோது ஐ-85 நெடுஞ்சாலையை ஒட்டி வால் மாதிரி ஒரு தொகுதியை இழுத்து, அது 1993-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ல் பசுமைக் கட்சியைச் சீட்டில் ஏறவிடாமல் மல்லுக்கட்டியதும் அவர்கள்தான்.

அடுத்தது என்னை மிகவும் வருத்தியது. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் ஆலிசன் ரிக்ஸும் குடியரசுக் கட்சியின் ஜெபர்சன் கிரிபினும் போட்டியிட்டார்கள். 55 லட்சத்துக்கும் மேல் விழுந்த ஓட்டில் ரிக்ஸ் 734 ஓட்டில் முந்தினார். இரண்டு மறுஎண்ணிக்கைக்குப் பிறகும் அவரே முன்னிலையில் இருந்தார். அதன் பிறகு கிரிபின் 60,000-க்கும் அதிகமான ஓட்டுகளைக் கேள்விக்குள்ளாக்கினார். பெரும்பாலானவற்றுக்குச் சொன்ன காரணம், பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை என்பது. குறிவைத்தது யாரை? முன்கூட்டியே போட்டவர்களையும் தபாலில் போட்டவர்களையும்தான். முன்கூட்டிப் போடும் சீட்டுக்கு, தேவைப்பட்டால் தனியாக எடுக்கக்கூடிய மாதிரி எண் உண்டு. தேர்தல் நாளன்று போட்ட சீட்டை அப்படித் தேடி எடுக்க முடியாது. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த சேவையைப் பயன்படுத்தியவர்களின் ஓட்டுதான் பணயமாக வைக்கப்பட்டது.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. பல வருடமாக ஒரு தேர்தலைக்கூட விடாதவர். அவருக்கு வந்த தகவல் ஒரு தபால் அட்டை, அதில் ஒரு கியூஆர் குறி. விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட இருந்தாராம், அவர் மனைவிதான் எடுத்துப் பார்த்திருக்கிறார். "அடையாள அட்டை காட்டினேன், கையெழுத்துப் போட்டேன், இன்னும் என்ன வேணுமாம் இவங்களுக்கு?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. ரிக்ஸின் பெற்றோர் பெயரே அந்தப் பட்டியலில் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் 2025 மே 5 அன்று, டிரம்ப் நியமித்த ஒரு மத்திய நீதிபதிதான், தேர்தல் முடிந்த பிறகு விதியை மாற்றி ஓட்டைக் கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். இரண்டு நாளில் கிரிபின் ஒதுங்கிக்கொண்டார். அந்த நீதிபதிக்கு என் வணக்கம். ஆனால் ஆறு மாதம் ஒரு மாநிலத்தைக் காத்திருக்க வைத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் நெடுங்காலம் ஆளுநரிடம் இருந்தது. 2024 டிசம்பரில் சட்டமன்றம் அதைப் பிடுங்கி மாநிலத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டது. ஆளுநர் ஜனநாயகக் கட்சி, தணிக்கையாளர் குடியரசுக் கட்சி, வேறு விளக்கம் வேண்டியதில்லை. மையங்கள் எத்தனை, எங்கே, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்பதிலெல்லாம் வாரியங்களின் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் 2024-ல் நான் பார்த்த அதே தரம் அடுத்த முறையும் இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் பதிவில் உரிம எண்ணோ அந்த நான்கு இலக்கமோ இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். விடுபட்ட விவரங்களைக் கேட்டு 2025-ல் வாரியம் சுமார் ஒரு லட்சம் பேரைத் தொடர்புகொள்ள ஆரம்பித்தது. அப்புறம், கட்சி எதிலும் சேராதவர் என்றே பதிந்துகொள்ளுங்கள். 2022 முதல் இந்த மாநிலத்தின் மிகப்பெரிய பிரிவே நாம்தான். கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று மேசையில் கேட்பார்கள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சீட்டைத் தயவுசெய்து வாங்குங்கள். 2024 மார்ச் பிரைமரிக்கு நாலில் ஒருவர் அளவுக்குத்தான் வந்தார்கள். அந்தச் சிறு கூட்டம்தான் மார்க் ராபின்சனைக் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளராக்கியது, நவம்பரில் டிரம்புக்குப் போட்டவர்களிலேயே எத்தனையோ பேர் அவரை ஏற்கவில்லை. பிரைமரிக்கும் ஏர்லி வோட்டிங் உண்டு, வரிசை இன்னும் குறைவு, கர்ப்சைடும் உண்டு. அத்தை இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்தது எப்போது என்று.